இன்னொருக்கா சொல்லுங்க

“இன்னொருக்கா சொல்லுங்கண்ணா. சரியாக் காதுல உழுகலீங்க.”

ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து நஃபீசா கேட்டதும் செவ்வந்திக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவள் அப்பா மாரப்பன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றார்.

“உயுயக்... கியங்கு... மண்யி...”

பக்கத்தில் மருந்துக்கு வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“உருளைக்கிழங்கு மண்டிங்க!” செவ்வந்தி குறுக்கே புகுந்தாள். “மேட்டுப்பாளையத்துல மண்டியில ஏலம் கூறுறவரு. போன தடவையும் என்ன வேலைன்னு இதையேதான் கேட்டீங்க. எழுதி வெக்கலீங்களா?”

“நீங்க சொல்லக்கூடாதுங்க அம்மணி. நோயாளி வாயாலதான் வரோணும். ரூலுங்க.”

ஆஸ்பத்திரிக்கு வருகிற ஒவ்வொருவர் நோய்க்கும் ஒரு நம்பர் போட்டு ஃபைலில் ஏற்றுவது நஃபீசாவின் வேலை. அவள் பேனாவைத் திறந்துகொண்டாள்.

“புண்ணு மொதல்ல எங்க வந்துச்சுங்கண்ணா? நாக்குன்னு மட்டும் எழுதினாப் பத்தாது. நுனியா, ஓரமா, அடியா, வேர்ப்பக்கமா? ஒவ்வொண்ணுக்கும் தனி நம்பருங்க.”

மாரப்பன் விரலால் இடது கன்னத்தைத் தொட்டார்.

“காட்டுனாப் பத்தாதுங்க. சொல்லுங்க.”

“ஓ... யம்.”

“ஓரம். அப்ப நூத்தி நாப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு. எங்க, நீங்க ஒருக்கா சொல்லுங்க.”

“உங்க நம்பரை எங்கப்பா எதுக்குங்க சொல்லோணும்?” என்று கத்தியேவிட்டாள் செவ்வந்தி.

மாரப்பன் முதலில் மூட்டை தூக்கத்தான் மண்டிக்குப் போனார். லாரிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் போட்ட ஒரு சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் மண்டிக்காரர் அவரை ஏலம் கூற மேடை ஏற்றினார். அவர்கள் தெருவிலிருந்து அந்த மேடையில் ஏறிய முதல் ஆள். அவர் விலை கூறினால் ரோட்டைத் தாண்டி டீக்கடையில் உட்கார்ந்திருப்பவனும் பதில் விலை கேட்பான். அப்படி ஒரு குரல்.

நாக்கில் புற்றுநோய் என்று இடது ஓரத்தை வெட்டி எடுத்ததிலிருந்து வீட்டில் அவர் பேசுவதே இல்லை. செவ்வந்தியும் பேச வைப்பதில்லை. முகத்தைப் பார்த்தே சோறு, பாய், மாத்திரை எல்லாம் கைக்கு வந்துவிடும்.

அப்படி வைத்துக் காப்பாற்றும் அப்பாவை, மேட்டுப்பாளையத்திலிருந்து சேரன் பஸ் பிடித்துக் காந்திபுரம் வந்து, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் நசுங்கி இங்கே கூட்டிவந்தால், ஒவ்வொரு தடவையும் ஊர் முன்னால் நிற்க வைத்து இந்தப் பொம்பளை இப்படிப் பண்ணுகிறாள்.

செவ்வந்தி நேரே டாக்டர் ரூபன் அறைக்குப் போனாள்.

“ரூலா?” டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். “அப்படி ஒண்ணும் இல்லீங்களே. ஆபரேஷன் பண்ணுனவன் நான். எந்த இடம்னு நான் எழுதிக் குடுத்ததைப் பாத்துத்தான் நம்பர் போடோணும். உங்கப்பா ஃபைல் அப்பவே முடிஞ்சுபோச்சு.”

“அப்ப சும்மாவே கேக்குதுங்களா டாக்டர்? வேடிக்கை பாக்கறதுக்கா?”

டாக்டர் எழுந்தார். “வாங்க. நானே கேக்கறேன்.”

டாக்டரே வருவதைப் பார்த்து நஃபீசா எழுந்து நின்றாள்.

“என்ன நஃபீசா, இல்லாத ரூலைச் சொல்லி நோயாளியைச் சிரமப்படுத்தறீங்களாம்?”

நஃபீசா ஒரு தடவை மாரப்பனைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

“தப்புத்தானுங்க சார். இனிமேக் கேக்க மாட்டேன்.”

“பாத்தீங்களா?” செவ்வந்தி நஃபீசா பக்கம் திரும்பினாள். “உங்க ஊட்டு ஆளா இருந்தா இப்படிக் கேப்பீங்களா? நாக்கு இல்லாத மனுசனை...”

பட்டென்று ஒரு சத்தம். மாரப்பன் ஜன்னல் பலகையில் உள்ளங்கையால் அடித்திருந்தார். வரிசை மொத்தமும் திரும்பியது.

“அவங்கள... வையாத... கண்ணு.”

“அப்பா, நீங்க பேசாதீங்க. நான்...”

அவர் கையை உயர்த்தினார்.

“நாந்தான்... கேக்கச் சொன்னேன். நாலு பேரு... முன்னால வெச்சுக் கேளு, உடாதேன்னு... நாந்தான் சொன்னேன். மண்டியில... நாலு பேரு முன்னாலதான... நிக்கோணும்.”

எழுத்துகள் முன்போலவே வழுக்கின, வேர்த்துக் கொட்டியது. ஆனால் கேட்டவர்களுக்கு ஒரு சொல்கூட விட்டுப்போகவில்லை.

“சொல்லியிருக்கலாமே நஃபீசா?” என்றார் டாக்டர்.

“ஊட்டுக்குத் தெரிய வேண்டாம்னு அண்ணா கேட்டுக்கிட்டாருங்க சார். முடியாமப் போயிருச்சுன்னா அவங்க மனசு உட்டுருவாங்கன்னு.”

மாரப்பன் மூச்சு வாங்கிக்கொண்டார். நெஞ்சு நிமிர்ந்தது.

“முடிஞ்சுது. போன வாரம்... மேடை ஏறினேன். மொதல்ல... சிரிச்சானுங்க. நான் நிறுத்தல. கடைசி மூட்டை வரைக்கும்... நாந்தான் கூறுனேன்.”

“எங்கிட்டக்கூடச் சொல்லலீங்களேண்ணா!” நஃபீசா ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குதிக்காத குறையாகச் சிரித்தாள். டாக்டர் மாரப்பன் கையைப் பிடித்துக் குலுக்கினார். வரிசையில் நின்றவர்கள் ஒரு அடி முன்னால் வந்து அவரைப் பார்த்தார்கள்.

அத்தனை பேரும் பார்க்கிற அந்த மனுசன் தன் அப்பா என்று செவ்வந்திக்கு நெஞ்சு விம்மியது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இத்தனை பெரிய சங்கதியை ஊட்டுல ஒரு வார்த்தை சொல்லலீங்களேப்பா?”

மாரப்பன் மகள் தலையைத் தடவினார்.

“சொல்லத்தான் கண்ணு... வாயைத் தொறந்தேன். நீதான்... நான் தண்ணி கேக்கறேன்னு... சொம்பைக் கொண்டாந்து குடுத்துட்ட.”