மலிவு விலைப் பேய்கள்

"சின்ன வயசுல போர்வைக்குள்ள டார்ச் அடிச்சுப் படிச்ச பேய்க்கதைங்க. பன்னெண்டு புத்தகமும் செட்டா இருக்கு," என்று போனை மனைவியிடம் நீட்டினார் தையல்கடைக்காரர். "பழசு விக்கற ஆப்புல ஒருத்தன் ரெண்டாயிரம் போட்டிருக்கான்."

"பாதிக்குக் கேளுங்க."

கேட்டார். உடனே பதில் வந்தது. 'சரி சார்.'

"இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டானா? அப்ப இன்னும் இறங்குவான்," என்றாள் அவள்.

ஐந்நூறு என்று தட்டினார். 'சரி சார். நானே கொண்டாந்து தரேன். பொழுது சாயறதுக்குள்ள வரலாமா?'

"பேரம் பேசறதுல என்னை அடிச்சுக்க ஆளில்ல," என்றாள் மனைவி. பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. "திருட்டுப் புத்தகமா இருக்குமோ?"

ஐந்து மணிக்கு வந்து நின்றவர் கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். முறுக்கு மீசை வேறு. புத்தகப் பெட்டியைத் தன் மேல் படாமல் இரண்டு கையையும் நீட்டிப் பிடித்திருந்தார்.

"உண்மையைச் சொல்லுங்க. ஏன் இவ்வளவு மலிவா தள்ளிவிடறீங்க?" என்று கேட்டார் தையல்கடைக்காரர்.

"மச்சான் குடுத்தது சார். ஒரே ஒரு கதை படிச்சேன். மூணு நாளா கண்ணை மூட முடியல."

"நல்ல ஆளுங்க நீங்க. என்ன வேலை பாக்கறீங்க?"

"ஆஸ்பத்திரி பிணவறையில. பதினெட்டு வருஷமா நைட் டூட்டி, தனியாத்தான் இருப்பேன்."

மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அங்க வராத பயமா இதுல வந்துடுச்சு?"

"அங்க இருக்கறவங்க பேசாம படுத்திருப்பாங்கம்மா," என்றார் அவர், இறக்கி வைத்த பெட்டியைத் திரும்பிப் பார்க்காமலே. "இதுல எந்திரிச்சு வர்றாங்க."