ஏழு விரல்

இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். இன்றைக்கு விரல் எதையும் காட்டிவிடக் கூடாது.



மேசைக்கு அந்தப்பக்கம் வெள்ளைக்கார டாக்டர். பக்கத்தில் அரைகுறைத் தமிழ் பேசும் மேட்ரன். பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் வருஷத்துக்கு ஒருமுறை இந்த அறைக்குக் கூப்பிடுவார்கள். கேள்வி கேட்பார்கள். புத்தி தெளிந்துவிட்டது என்று டாக்டர் சொல்லி, வீட்டு மனிதர் கைநாட்டும் வைத்தால் வெளியே போகலாம். இல்லாவிட்டால் மறுபடியும் கொட்டடி.

பிள்ளையைப் பறிகொடுத்துத் தெருத்தெருவாக அலைந்தவள்தான். யார் இல்லையென்றது? அதெல்லாம் எப்போதோ தெளிந்துவிட்டது.

போன தடவையே போயிருக்க வேண்டியவள். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகத்தான் பதில் சொன்னாள். கடைசியில் கேட்டார்கள், புருஷன் பேர் என்னவென்று.

எந்தப் பொம்பளை சொல்வாள்? கட்டினவர் பேரை வாயால் சொன்னால் அவர் ஆயுசு அல்லவா குறையும்!

ஊரில் செய்கிற மாதிரி ஜாடை காட்டினாள். ஏழு விரலை நீட்டினாள். கைகளைத் தலைக்குமேல் குவித்து மலை காட்டினாள். அதுவும் புரியவில்லையே என்று நெற்றியில் விரலால் நாமம் போட்டும் காட்டினாள்.

டாக்டர் மேட்ரனைப் பார்த்தார். மேட்ரன் உதட்டைப் பிதுக்கினாள்.

கொட்டடியில் அவளுக்கு அடுத்த பாயில் ஒருத்தி. புதுப்பெண்ணாக வந்தவளாம். இப்போது தலை பூராவும் நரை.

அதனால்தான் அந்தப் பேரைச் சொல்லப் பழகிக்கொண்டாள். குளிக்கும்போது, தண்ணீர் விழுகிற சத்தத்தில், உதட்டை மட்டும் அசைத்து.

இந்தத் தடவை அவரே வந்திருக்கிறார். வாசற்படியில் நிற்கிறார். கக்கத்தில் அவளுக்கென்று ஒரு புதுப்புடவை. கைநாட்டுக்காகக் கட்டைவிரலில் மைகூடத் தடவிவிட்டார்கள்.

"அங்க நிக்கிறது யாரு?" என்றாள் மேட்ரன்.

"எங்கூட்டுக்காரரு."

"பேரு?"

வந்துவிட்டது.

தாலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சாமி, அவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது. கண்ணை இறுக மூடினாள்.

"ஏழுமலை."

சத்தமாகவே வந்துவிட்டது.

டாக்டர் சிரித்தார். தலையை ஆட்டினார். போகலாம் என்று மேட்ரன் கையைக் காட்டினாள்.

அப்பாடா!

அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள்.

அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"எம்பேரையே சொல்லிட்டா தொரை. இவளுக்கு இன்னும் தெளியல."

மை காயாத கட்டைவிரலைப் புதுப்புடவையில் துடைத்துக்கொண்டார்.