எதிர்வீட்டு மதில் ஓட்டை

“துபாய்ப் பணம் மாசாமாசம் வருது. மதில்ல இருக்குற ஓட்டைய அடைக்க நாலு செங்கல்லு வாங்க மனசு வரல பாரு!”

வாசலில் நின்று எதிர்வீட்டைப் பார்த்துப் பொருமினார் தேவநாதன்.

காரணம் இருந்தது. மறுநாள் மகள் பூர்ணிமாவைப் பெண் பார்க்கச் சேத்தியாத்தோப்பிலிருந்து வருகிறார்கள். ரெண்டு இடம் தட்டிப்போய், மூன்றாவதாக வாய்த்த நல்ல இடம். காரை விட்டு இறங்கியதும் அவர்கள் கண்ணில் படப்போவது எதிர்வீட்டு ரஹ்மத் பீவியின் மதிலடி. பன்றி ஒன்று குடும்பத்தோடு போய்வரலாம், அத்தனை பெரிய ஓட்டை.

“அவங்க மதிலு, அவங்க ஓட்டை. உங்களுக்கு என்னங்க வந்துது?” என்றாள் மனைவி பானுமதி.

“தெருவுக்கே அசிங்கம்டி. அவ புருஷன் ஹமீது அங்க துபாய்ல ஏசியில குந்திக்கினு இருக்கான், வூடு இங்க பள்ளத்துல கெடக்குது. நாமல்லாம் உடைசல் கொட்டி மேடாக்கல?”

உடைசல் என்றால், பீங்கான் கம்பெனிகள் கழித்துப்போடும் காதறுந்த கோப்பை, கையொடிந்த பொம்மை வகையறா. தேவநாதனுக்கே சின்னதாய் ஒரு பொம்மைச் சூளை இருந்தது. தெரு ஒருகாலத்தில் ஓடைக்கரை. மனை போட்டு விற்றதும் அவரவர் உடைசலைக் கொட்டி, பக்கத்து வீட்டைவிட ஒரு சாண் உசத்திக் கட்டினார்கள். தேவநாதன் எல்லாரையும்விட ஒரு முழம் உசத்தி.

போன வருஷம் ஊரே வெள்ளத்தில் மிதந்தபோது இந்தத் தெருவில் மட்டும் தண்ணீர் சாயங்காலத்துக்குள் வடிந்துவிட்டது. “எல்லாம் நான் கொட்டின உடைசல் மகிமை” என்று டீக்கடை வரைக்கும் நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

ரஹ்மத் பீவி லால்பேட்டைக்குத் தாய்வீடு போயிருந்தது வசதியாய்ப் போயிற்று. கொத்தனாரைக் கூப்பிட்டார். ஓட்டை அடைபட்டது. மேலே வெள்ளையும் அடித்தாயிற்று.

“கேக்காம கொள்ளாம அடுத்தவங்க மதில்ல கை வெக்கிறீங்களே!” என்றாள் பானுமதி.

“நல்லது செய்யறதுக்கு மனு போட்டுக் கேப்பாங்களா?”

அன்று சாயங்காலமே ரஹ்மத் பீவி திரும்பிவிட்டாள். மதிலைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். சண்டைக்கு வரவில்லை. தேவநாதனுக்கு மீசை ஒரு முறுக்கு ஏறியது.

விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை. முதலில் பானுமதி போட்ட கோலம் போயிற்று. அப்புறம் கீழ்ப்படி. அப்புறம் அதற்கு மேற்படி.

“கம்மாபுரம் தாண்டிட்டோம், கிட்ட வந்துட்டோம்” என்று மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து போன் வந்தது.

“முனிசிபாலிட்டிக்காரனச் சொல்லணும்!” என்று கத்தினார் தேவநாதன்.

“மொதல்ல உங்களச் சொல்லணும். அங்க பாருங்க.”

பார்த்தார். தெருத் தண்ணீர் மொத்தமும், புது வெள்ளையடித்த இடத்தில் போய் முட்டி முட்டித் திரும்பிக்கொண்டிருந்தது. வாசலுக்கு வந்த விருந்தாளி கதவைத் தட்டுகிற மாதிரி.

வேட்டியை மடித்துக் கட்டினார். கடப்பாரையை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார்.

தெருத் தண்ணீர் நுழையாமல் கேட்டுக்கடியில் கட்டியிருந்த மேடையைத் தாண்டினால், உள்ளே ரஹ்மத் பீவி வீட்டு முற்றம். அங்கே விழுந்த மழை மட்டும் பின்மதில் ஓட்டை வழியாக ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

“வாங்கண்ணே! உங்களத்தான் நெனச்சேன்” என்று சிரித்துக்கொண்டே வந்தாள் ரஹ்மத் பீவி. “நேத்து போன்ல உங்க தம்பிகிட்ட சொன்னேன். தேவநாதண்ணனே ஆளு வெச்சி அடைச்சி வுட்டுட்டாரு, கூடப்பொறந்தவங்ககூட இப்படிச் செய்ய மாட்டாங்கன்னு. இந்த மழைக்குத்தான் நிம்மதியா தூங்குவேன்னு சொன்னாரு.”

துபாயில் தூங்குகிறவனுக்கு இந்த மதிலால் என்ன நிம்மதி? தேவநாதனுக்கு விளங்கவில்லை. கடப்பாரையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அது தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றது.

“அது வந்தும்மா... பூர்ணிமாவப் பாக்க வராங்க. தெருவுல தண்ணி நிக்குது. அதான்... அடைச்சத...”

ரஹ்மத் பீவி கடப்பாரையைப் பார்த்தாள். தெருவை எட்டிப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு அணைந்தது. உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

‘கோவிச்சுக்கினா. கோவப்பட வேண்டியதுதான். கேட்டா அடைச்சோம்?’

உள்ளே எதையோ தரதரவென்று இழுக்கும் சத்தம். கதவுக்கு முட்டுக் கொடுக்கிறாளோ? தெருமுனையில் கார் ஹாரன் கேட்டது. தேவநாதனுக்கு மழையிலும் வேர்த்தது.

கதவு திறந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூச்சு வாங்க நின்றாள் ரஹ்மத் பீவி.

“அடுப்பு, அரிசி மூட்டை எல்லாத்தையும் கட்டிலு மேல ஏத்திட்டேண்ணே. வருஷா வருஷம் தெருத் தண்ணி எங்க அடுப்படி வழியாத்தானே ஓடைக்குப் போவுது... இப்ப இடிங்க.”