நிழலுக்காக அரை மணி நேரம்

புகைப்படக் கண்காட்சியில் மூன்றாவது நாளாக அந்தப் பெண் கள்ளிப் படங்கள் இரண்டின் முன்னால் வெறுங்காலுடன் நின்றாள். தீவின் தெற்கே சுரினாம் என்ற கிராமத்துக் கரும்புத் தோட்டக் கூலிக்காரி, பெயர் தெய்வானை. போர்ட் லூயி கனவான்கள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

படமெடுத்த கோபாலனுக்கோ தலைகால் புரியவில்லை. பத்திரிகைக்காரர்கள் புகழ்ந்தது கிடக்கட்டும், ஒரு தொழிலாளியே தன் படத்தில் சொக்கி நிற்கிறாளே!

"போன வருசம் வேலைநிறுத்தத்தில சுட்டாங்களே, அன்னிக்கு எடுத்ததும்மா. வறண்ட மண்ணு, குண்டு துளைச்ச கள்ளி. அப்பவும் சாயவே இல்லை, பாருங்க. அதான் நம்ம ஜனங்க!"

"அன்னிக்குத்தான் மிஸ்யே," தீவு வழக்கப்படி அவனை ஐயா என்று விளித்தாள், "என் வீட்டுக்காரரு போனாரு. தொண்டையில குண்டு. பத்து மணிக்குச் சுட்டதும் வலி தெரியாமப் போயிட்டாருன்னு சொன்னாங்க. மறுநாள்தான் எங்களைத் தோட்டத்துக்குள்ள விட்டாங்க. இந்தக் கள்ளிக்குப் பின்னாலதான் கிடந்தாரு."

"ஐயோ பாவம்! அவரை மாதிரி ஆளுங்களுக்காகத்தாம்மா இந்தப் படமே."

அவள் விரல் நீட்டினாள். "இந்த வெள்ளை என்னாங்க?"

"பூ! நம்பிக்கையோட சின்னம். முதல் படத்தில தரையோரம் இருக்கு, ரெண்டாவதில தலை நிமிர்ந்து நிக்குது."

"எப்ப எடுத்தீங்க?"

"முதல் படம் மத்தியானம் மூணு மணிக்கு. நிழல் சரியா விழலை. அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்து அடுத்ததை எடுத்தேன். படம் எடுக்கறவன்னு என்னை மட்டும்தான் உள்ள விட்டிருந்தாங்க, சுத்துவட்டாரத்தில ஒரு ஈ காக்கா இல்லை."

தெய்வானை சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருடமாக அடக்கி வைத்த அழுகை, சத்தமில்லாமல் வழிந்தது.

"அது பூ இல்லீங்க. அவரோட தலைத்துணி."

கோபாலன் படத்தருகே குனிந்தான். பூவுக்குக் கீழே காம்பென்று நினைத்தது கரும்புத்தட்டை.

"காத்துல பறந்து மாட்டியிருக்கும்மா…"

"காத்து முடிச்சுப் போடுமா, மிஸ்யே?" அவள் குரலில் கோபம்கூட இல்லை. "வயல்ல தண்ணி வேணும்னா, கரும்புல துணியைக் கட்டித் தூக்கிக் காட்டுவோம்."

"அப்ப… அவர்…"

"உங்ககிட்டதாங்க கேட்டிருக்காரு."