குணவதி வீட்டிலை தாழாத நீர்மூழ்கி

வெளிநாட்டிலை, வோபர்ன் எண்ட இடத்திலை, குணவதி வீட்டு ஹோலுக்கை ஞாயிற்றுக்கிழமை வெயில் கார்ப்பெட்டிலை படுத்துக் கிடக்குது. வீடியோ டெக்கிலை இங்கிலீஷ் படம் ஓடுது, பாருங்கோ. ரஷ்யன்ரை நீர்மூழ்கி ஒண்டு அடிவாங்கிச் சரியுது. உள்ளுக்கை அவங்கள் பேயள் மாதிரிக் கத்துறாங்கள். வடைத் தட்டைச் சுத்தி இருந்து படம் பாக்கிற எங்கடை ஆக்கள் கை தட்டுகினம். குணவதி விறுக்கெண்டு எழும்பிப் போய், டெக்கிலை பட்டனை அமத்திப் படத்தை நிப்பாட்டுறாள். நீர்மூழ்கி பாதித் தண்ணியிலை நிண்டு நடுங்குது. "அக்கா, உது சும்மா படம்!" எண்டு அவளின்ரை தம்பி பத்மநாதன் சிரிக்கிறான். "என்ரை பொடியன் மொஸ்கோவிலை டொக்டருக்குப் படிக்கிறான். சதம் வாங்காமல் படிப்பிச்சுச் சோறும் போடுற சனமடா. அவங்கள் சாக என்ரை வீட்டிலை கை தட்டுவியோ?" பத்மநாதன் விடேல்லை. "முடிவையெண்டாலும் பாப்பம், அக்கா." "இந்த வீட்டிலை உது தாழாது. தட்டின கையாலை வடையை எடுங்கோ!"