கின்னேன் வீட்டார் ஆட மாட்டார்கள்

"இதோ பாருங்க, டீலியா கின்னேன். பத்தொன்பது வயசுல செத்துட்டா. இந்தக் குழிக்குள்ளதான் இருக்கா. செத்தவ எப்படி பாஸ்டன் போய் ஆறு பிள்ளை பெத்தா?"

டிம்ப்னா கேட்டதில் குத்தலும் இருந்தது. கோடை வந்தால் அயர்லாந்தின் கிளேர் பக்கம் அமெரிக்காக்காரர்களின் படையெடுப்புதான். வருகிற அத்தனை பேருக்கும் ஏதாவது ஒரு கல்லறையில் ஒரு கொள்ளுத்தாத்தா வேண்டும்.

பாஸ்டனிலிருந்து வந்திருந்த லோரெட்டாவின் முகம் வெளிறிப்போனது. கல்லில் இருந்த தேதியைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

"இதே வருஷம், இதே ஏப்ரல்லதாங்க கப்பல் ஏறினா. எங்க அப்பாவைப் பெத்தவ. டீலியா கின்னேன்னு கப்பல் பட்டியல்லயே பேர் இருக்கு. பெரிய வீட்டுல சமையல் வேலை பார்த்தா. டிராம் ஓட்டுற கெர்ரி ஊர்க்காரரைக் கட்டிக்கிட்டா. அவ கையால நான் சாப்பிட்டிருக்கேன். அப்ப அது யாரு?"

"எவளோ எங்க வீட்டுப் பேரைத் திருடிட்டு வந்திருக்கா. நீங்க எங்க சொந்தமே இல்ல."

லோரெட்டா பதில் சொல்வதற்குள் டிம்ப்னாவின் போன் அடித்தது. மகள் ஓர்லா. சனிக்கிழமை அவளுக்குக் கல்யாணம்.

"அம்மா, பேண்டுக்காரங்க மறுபடி கேக்கறாங்க. மாப்பிள்ளையோட அப்பாகூட நீ ஒரே ஒரு ஆட்டம் ஆடும்மா. எனக்காக."

"கின்னேன் வீட்டார் ஆட மாட்டாங்க. எத்தனை தடவை சொல்றது? ஊர் வாயில விழுந்தது போதும்." பட்டென்று போனை வைத்தாள்.

"ஏன் ஆட மாட்டீங்க?" என்றாள் லோரெட்டா.

வந்தவளிடம் சொல்லக்கூடாதுதான். ஆனால் வயிற்றெரிச்சலை யாரிடமாவது கொட்டத்தானே வேண்டும்.

"இந்த டீலியாவோட அம்மா, சாபினா. எங்க தாத்தாவைப் பெத்தவளும் அவதான். அந்தக் காலத்துல அமெரிக்கா போறவங்க திரும்பி வர மாட்டாங்க. அதனால எழவு வீடு மாதிரி விடிய விடிய முழிச்சிருந்து, ஆட்டம் பாட்டுன்னு வழியனுப்புவாங்க. டீலியாவுக்கும் ஊரே வந்துச்சு. பிடில்காரன் வந்தான். 'பொண்ணு உள்ள அழுதுக்கிட்டிருக்கா, விடியட்டும், வருவா'ன்னு சொல்லிட்டு சாபினா ஆட ஆரம்பிச்சா. விடிஞ்சதும் உள்ரூம் கதவைத் திறந்தா. கட்டில்ல பொணம். முந்தின சாயங்காலமே திடீர்னு சுருண்டு விழுந்து செத்துட்டாளாம்."

லோரெட்டா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னும் இருக்கு. பக்கத்து வீட்டு மோலன், தன் பொண்ணு வின்னியை ஹாசெட்னு ஒரு கிழவனுக்குப் பேசி முடிச்சிருந்தான். அறுபது வயசு, இருபது மாடு. அந்தக் கிழவன் வீட்டுக்குக் கிளம்பறேன்னு எழுந்தப்பல்லாம் சாபினா கையைப் பிடிச்சு இழுத்து ஆடினாளாம். பெத்த பொண்ணு உள்ள பொணமா கிடக்கு, இவ கிழவனோட ஆடறா. நூறு வருஷமா ஊர் இதைத்தான் சொல்லுது. எங்க அம்மா தன் கல்யாணத்துல ஒரு காலைத் தூக்கி வெச்சதுக்கு, 'உள்ள யார் பொணம் கிடக்கு'ன்னு கேட்டாங்க."

"அந்த வின்னிக்குக் கல்யாணம் ஆச்சா?"

"எங்க ஆச்சு? அதே ராத்திரி காணாமப் போனா. கிழவனுக்குப் பயந்து ஏரியில விழுந்துட்டான்னாங்க. அவ அப்பன் மோலனும் விடியற வரைக்கும் எங்க வீட்டுலதான் குடிச்சுக்கிட்டிருந்தான்."

"டீலியாவோட கப்பல் டிக்கெட்?"

"பொண்ணோடயே வெச்சுப் புதைச்சுட்டேன்னு சாபினா சொன்னாளாம்."

சொல்லிவிட்டு டிம்ப்னா கல்லில் இருந்த தேதியை மறுபடி பார்த்தாள்.

லோரெட்டா அப்படியே புல்லில் உட்கார்ந்தாள்.

"எங்க டீலியா தினமும் ஜெபமாலை முடிக்கறப்போ, 'டீலியாவின் ஆன்மா இளைப்பாறட்டும்'னு சொல்லுவா. உயிரோட இருக்கறவ தனக்குத்தானே ஜெபம் பண்ணிக்கிறாளேன்னு நாங்க சிரிப்போம். அவ கோபிச்சுக்க மாட்டா. 'எனக்காக ஒருத்தி விடிய விடிய ஆடினா'ன்னு மட்டும் சொல்லுவா. வயசாயிடுச்சு, உளர்றான்னு விட்டுட்டோம்."

டிம்ப்னா அப்போதுதான் அந்த முகத்தை நேராகப் பார்த்தாள். அகன்ற நெற்றி. லேசாகச் சரிந்த இடது இமை. தினமும் அவள் வீட்டுக்குத் தபால் கொண்டுவரும் மோலன் குடும்பத்துக்காரனின் முகம் அப்படியே இருந்தது.

நூறு வருஷம். பெற்ற மகளுக்காக ஒரு பொட்டுக் கண்ணீர் விட முடியாமல் ஆடியவளை, ஊர் சேர்ந்து காறித் துப்பியிருக்கிறது. ஊர் துப்பியது போகட்டும், வீடும் அல்லவா துப்பியது. சாபினாவின் கல்லறை இரண்டடி தள்ளித்தான் இருக்கிறது. டிம்ப்னா அதற்கு ஒரு நாளும் பூ வைத்ததில்லை.

லோரெட்டாவைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். "சனிக்கிழமை வரைக்கும் நீ எங்கேயும் போகக்கூடாது" என்றாள். பிறகு போனை எடுத்தாள்.

"என்னம்மா, மறுபடி திட்டப்போறியா?" என்றாள் ஓர்லா.

"பேண்டுக்காரங்ககிட்ட சொல்லு. முதல் ஆட்டம் என்னோடது."

"அம்மா, நிஜமாவா? ஊர் என்ன சொல்லும்?"

"ஊருக்கு நானே சொல்லிக்கறேன். அன்னைக்கு சாபினா ஆட்டத்தை நிறுத்தியிருந்தா, மோலனும் கிழவனும் எழுந்து ரோட்டுக்கு வந்திருப்பாங்க. அந்த ரோட்டுலதான் கண்ணு, செத்துப்போன டீலியாவோட டிக்கெட்டை எடுத்துக்கிட்டு வின்னி ஓடிக்கிட்டிருந்தா."