முப்பத்திரண்டு சான்றிதழ்கள்

"ஒருத்தர்கூட இறங்கலைன்னா என்னம்மா அர்த்தம்?" என்று கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டார் சங்கத் தலைவர்.

மருந்துக்கடைக்கார அம்மாள் பிள்ளைகளை மறுபடி எண்ணிப் பார்த்தாள். ஏரியின் படகுத்துறையில் நீலத் தொப்பியோடு முப்பத்திரண்டு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். வகுப்பு டீச்சர் மூன்று முறை விசில் ஊதியாயிற்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, ஒரு பிள்ளையும் அசையவில்லை.

அரசுப் பள்ளியில் சனிக்கிழமைதோறும் நீச்சல் வகுப்பு நடத்தக் குடியிருப்போர் சங்கம் மாஸ்டர் சம்பளத்துக்கு நிதி கொடுக்கிறது. அதை வாங்கித் தந்தவள் சங்கச் செயலாளரான இவள்தான். இரண்டு வருஷத்துக்கு முன் இதே ஏரி அவளுடைய அண்ணன் மகளைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் தலைவரின் உயிரை வாங்கித்தான் இந்த வகுப்பைத் தொடங்க வைத்தாள். இன்று பிள்ளைகள் நீந்திக் காட்டினால் வகுப்பு தொடரும். இல்லாவிட்டால் மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

"நீச்சல் மாஸ்டர் எங்க மிஸ்?" என்று டீச்சரிடம் கேட்டாள்.

"காலையில போன் பண்ணினாரு மேடம். வயித்து வலியாம், லீவு," என்றாள் டீச்சர். "சனிக்கிழமை நான் வர்றதில்ல. அவர்தான் தனியா எடுப்பாரு. ஆனா முப்பத்திரண்டு பேரும் பாஸ். சான்றிதழ்ல நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க."

போட்டாள்தான். சந்தோஷத்தில் கை வலிக்க வலிக்கப் போட்டாள்.

"பேசாம அந்தப் பணத்துல கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்துடலாம். அதுக்கு யாரும் நனைய வேண்டியதில்ல," என்று சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார் தலைவர்.

அவள் வரிசையில் முதலில் நின்ற சிறுமியிடம் ஓடினாள். வாய் ஓயாமல் பேசுவதால் அவளுக்கு வாயாடி என்றே பெயர்.

"ஏன் கண்ணு, உனக்கு நீச்சல் தெரியும்தானே?"

"நல்லாத் தெரியும் அத்தை. எங்க பேட்ச்ல நான்தான் ஃபர்ஸ்ட்."

சொன்னதோடு நிற்காமல் கையை வீசிக் காட்டினாள். வலது கை, இடது கை, தலையைத் திருப்பி ஒரு மூச்சு. அவளைப் பார்த்து வரிசை முழுவதும் வீசியது. ஒரு கைகூடப் பிசகவில்லை. துறையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த படகுக்காரரே வாயைப் பிளந்தார்.

"கை சுத்தமா வருதேம்மா. வெறும் பயம்தான். பின்னால இருந்து லேசா ஒரு தள்ளு தள்ளுங்க, தானா நீந்திடும். நாங்கல்லாம் அப்படிக் கத்துக்கிட்டவங்கதான்."

"எனக்கு இன்னும் அஞ்சு நிமிஷம்தான் டைம்," என்றார் தலைவர்.

அவள் வாயாடியைத் துறையின் விளிம்புக்கு நடத்திக்கொண்டு போனாள். கீழே இரண்டு ஆள் ஆழம். அண்ணன் மகளின் முகம் கண்முன் வந்து நின்றது. அந்தக் குழந்தைக்கு நீச்சல் தெரியாது, இவளுக்குத் தெரியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அந்தச் சின்ன முதுகில் கையை வைத்தாள்.

"தள்ளட்டுமா கண்ணு?"

"சரி அத்தை. ஆனா பெஞ்சு எங்க?"

"எந்தப் பெஞ்சு?"

"படுத்து நீந்துறதுக்கு. அதைப் போடுவீங்கன்னுதானே எல்லாரும் காத்துக்கிட்டு நிக்கிறோம். மாடி ஹால்ல பெஞ்சு மேலதான் எங்களுக்கு நீச்சல் கிளாஸ்."

அவள் வாயாடியின் தோளைப் பிடித்து விளிம்பிலிருந்து பின்னால் இழுத்தாள்.

"அப்போ... தண்ணியில?"

"தண்ணியில இறங்கினதே இல்லையே அத்தை. மாஸ்டருக்கு மட்டும்தான் பணம், நீச்சல் குளத்துக்கெல்லாம் தர முடியாதுன்னு நீங்கதான் எழுதி அனுப்பினீங்களாம்."